இடுப்பில் நிற்கும் தூண்

மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடைகளில் ஒரு மூலையில் சின்னச் சின்ன மணல் மூட்டைகள் கிடக்கும். பை வாங்க வந்தவரின் தோளில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அதனால் கடைக்காரர் அந்த மூட்டைகளை உள்ளே போட்டு மாட்டிவிடுவார். முதல் பையில் 15 கிலோ. நாலு எட்டு வைப்பதற்குள் தோள் கனக்கும். அதே மூட்டைகளை இன்னொரு பைக்கு மாற்றி மாட்டுவார். இம்முறை பாதி மூட்டைகளை எடுத்துவிட்டாரோ என்று சந்தேகம் வரும். தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால், இலகுவாகத் தோன்றிய பை அரைக் கிலோ கூடுதலாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தப் பாரம் எங்கே போயிற்று?

பள்ளிக்கூடப் பை சுமந்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. புத்தகங்கள் அதே புத்தகங்கள்தான். வார் தளர்ந்து பை கீழே தொங்கிய நாளில் மட்டும் கழுத்து வலித்திருக்கும்.

பாரம் எங்கும் போகவில்லை. பூமி அந்த 15 கிலோவை இழுக்கும் விசை பைக்குப் பை மாறுவதில்லை. அந்த விசை நம் உடம்பின் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதுதான் மாறுகிறது. பல நாள் நடைக்கான பெரிய முதுகுப்பையைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதுதான். பையின் நிறம், பைகளுக்குள் பைகள், லிட்டர் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

தோள் எதன் மேல் நிற்கிறது?

நம் கை எலும்புகள் உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு எத்தனை இடத்தில் இணைகின்றன தெரியுமா? பக்கத்துக்கு ஒரே இடத்தில். காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் அந்தச் சிறு மூட்டுதான் அது. தோள்பட்டை எலும்புக்கு விலாக்கூட்டோடு நேரடி மூட்டு இல்லை; தசைகள்தான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கின்றன. கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கொண்டுபோக முடிவது இந்தத் தளர்ச்சியால்தான். கிளைகளில் தொங்கிய மூதாதையர் நமக்கு விட்டுச்சென்ற வசதி அது.

ஆனால் அந்த வசதியே சுமை தூக்கும்போது பலவீனமாகிறது. தோளில் ஒரு வாரை மாட்டி 7 கிலோவைத் தொங்கவிட்டால், அடியில் அதைத் தாங்க எலும்புத் தூண் ஏதும் இல்லை. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் தசை இறுகிப் பிடித்தால்தான் தோள் கீழே சரியாமல் நிற்கும். நடக்கும் நேரமெல்லாம் அந்தத் தசை இறுகியே இருக்க வேண்டும். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், எரிச்சல் தொடங்கும். வார் அழுத்தும் தோலுக்கும் அதே கதி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் ஒரு கற்றையாகக் காறை எலும்புக்கு அடியில் நுழைந்துதான் போகின்றன. வார் அங்கே மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும். மோசமானால் தோளைத் தூக்க முடியாமலே போகும். ராணுவ மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 'ரக்சாக் பால்சி' என்று அவர்கள் குறிப்பிடும் இந்த வாதம், சட்டகமும் இடுப்புப் பட்டையும் இல்லாத பைகளைச் சுமந்த வீரர்களிடம் அதிகமாகத் தென்பட்டது.

இடுப்பின் கதை வேறு. இடுப்பெலும்பு தடித்த வளையம். அதன் இரு பக்கமும் தொடை எலும்புகள் ஆழமான குழிகளில் பொருந்தியிருக்கின்றன. அந்த வளையத்தின் மேல் விளிம்பில் வைக்கிற எதுவும் முதுகெலும்பைத் தொடாமல், தோள் தசையைக் கேட்காமல், நேராகக் கால்களுக்கு இறங்கிவிடும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றி ஊருணியிலிருந்து வீடுவரை நடந்தவர்கள் இந்த விளிம்பை நன்றாக அறிந்தவர்கள். குடம் அங்கே உட்கார்ந்துவிடும். கை அதை விழாமல் அணைத்துப் பிடித்தால் போதும். பெரிய முதுகுப்பையின் இடுப்புப் பட்டை செய்ய வேண்டியதும் இதையேதான், ஒரு பக்கமாக இல்லாமல் சுற்றிலும்.

துணியால் தள்ள முடியாது

இடுப்பில் ஒரு பட்டையைத் தைத்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. மலிவான பைகள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

பையின் பெரும்பாரம் முதுகின் நடுப்பகுதி உயரத்தில் இருக்கிறது. அது இடுப்புக்கு இறங்கி வர வேண்டுமானால் நடுவில் உள்ள ஏதோ ஒன்று அமுக்கத்தைத் தாங்க வேண்டும். துணியும் நாடாவும் இழுத்தால் தாங்கும், அமுக்கினால் மடங்கும். வெறும் துணிப்பையில் இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பட்டைக்கும் தோளுக்கும் இடையே உள்ள துணி சரிந்து மடிப்பு விழும். பாரம் மறுபடி தோள் வாரிலேயே தொங்கும்.

எனவே அமுக்கத்தைத் தாங்கும் ஒரு தூண் வேண்டும். பையின் முதுகுப்புறத் துணிக்குள் மறைந்திருக்கும் அலுமினியக் கம்பிகள், பிளாஸ்டிக் தகடு, கார்பன் இழைத் தண்டு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்த அந்தத் தூண் அமைப்பைத்தான் உட்சட்டகம் என்கிறோம். அதன் கால்கள் இடுப்புப் பட்டையில் ஊன்றியிருக்கும். தலை தோள் உயரத்துக்கோ அதற்குச் சற்று மேலேயோ நிற்கும்.

மெல்லிய தூண்கள் நொறுங்கித் தோற்பதில்லை, வளைந்துதான் தோற்கின்றன. எவ்வளவு பாரத்தில் வளையும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னவர் கணித மேதை லியோனார்டு ஆய்லர். அவர் கண்ட உறவில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று: தூணின் நீளம் இருமடங்கானால், வளையாமல் அது தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். 40 சென்டிமீட்டர் உயரச் சட்டகத்துக்குப் போதுமான கம்பி 55 சென்டிமீட்டர் சட்டகத்தில் பாதிக்குச் சற்று அதிகமான பாரத்துக்கே அசைந்து கொடுக்கத் தொடங்கும். உயரமானவர்கள் சட்டகத்தின் விறைப்பைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியது இதனால்தான். மெல்லிய சட்டகம் கொண்ட ஒரே மாதிரிப் பையைப் பற்றிக் குட்டையானவர் புகழ்வதும் உயரமானவர் குறை சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

வெளியிலிருந்து உள்ளே

சட்டகம் முதலில் பைக்கு வெளியேதான் இருந்தது. நார்வேக்காரர் ஓலே பெர்கன் 1909-இல் காப்புரிமை பெற்ற பையில் முதுகின் வளைவுக்கேற்ற ஒரு சட்டகம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியக் குழாய்களை வளைத்துச் சட்டகம் செய்து விற்றார். சியரா மலையில் நடந்தபோது, பைச் சட்டகத்தின் கீழ்முனைகளை ஜீன்ஸின் பின்பைகளுக்குள் செருகிக்கொண்டதும் தோள் பாரம் சட்டென்று குறைந்ததாகவும், இடுப்புப் பட்டை யோசனை அதிலிருந்து பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. 1963-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவிடம் கெல்ட்டியின் பைகள் இருந்தன.

வெளிச்சட்டகம் பாரத்தை இடுப்புக்கு நன்றாகவே இறக்கும். முதுகுக்கும் பைக்கும் இடையே காற்றும் போகும். ஆனால் சட்டகம் விறைப்பான ஏணிபோல் முதுகிலிருந்து தள்ளி நிற்பதால், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் பை அரை நொடி பிந்தி மறுபக்கம் ஆடும். சமமான பாதையில் அது பெரிய தொந்தரவில்லை. பாறை ஏறுபவர்களுக்கு ஆபத்து. அவர்களில் ஒருவரான கிரெக் லோ 1967-இல் சட்டகத்தைப் பைக்குள்ளேயே நுழைத்தார். பை முதுகோடு ஒட்டியது; உடம்போடு சேர்ந்து திரும்பியது. இன்று நாம் வாங்கும் பெரிய பைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

18 கிலோவின் கணக்கு

இனி ஓர் உண்மையான பாதையை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜான் மியூர் பாதை என்று ஒன்று உண்டு. யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் தொடங்கி 4,421 மீட்டர் உயர விட்னி சிகரத்தில் முடியும் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நடை. பாதி வழியில் மியூர் டிரெய்ல் ராஞ்ச் என்ற இடம் வருகிறது. நடப்பவர்கள் முன்கூட்டியே வாளிகளில் அடைத்து அனுப்பிய உணவு அங்கே காத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், பக்கவாட்டுக் கணவாய் ஒன்றின் வழியாக மலையை விட்டு இறங்கினாலொழிய, சிகரம்வரை சுமார் 170 கிலோமீட்டருக்கு வேறு உணவில்லை. நன்றாக நடப்பவருக்கு எட்டு நாள்.

அங்கே ஒரு கூடுதல் சிக்கல், கரடி. கருங்கரடிகள் உணவைத் தேடி வருமென்பதால், அந்தப் பாதையின் பெரும் பகுதியில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைக்க வேண்டும் என்பது சட்டம். பலர் எடுத்துப்போகும் பெரிய அளவு டப்பா 22 சென்டிமீட்டர் விட்டமும் 32 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளை. வெறும் டப்பாவே 1.2 கிலோ.

நடப்பவர் 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பாய், உடை, மழைக்கோட்டு, அடுப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து 7 கிலோ. பை 2 கிலோ. டப்பா 1.2. நாளைக்கு 700 கிராம் வீதம் எட்டு நாள் உணவு 5.6. தண்ணீர் 2 லிட்டர், அதாவது 2 கிலோ. எரிவாயு 400 கிராம். மொத்தம் 18 கிலோவும் சொச்சமும். அவர் எடையில் பத்தில் மூன்று பங்கு. இது அவரது மிகக் கனமான காலை. பையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தக் காலைக்காகத்தான். சராசரி நாளுக்கு வாங்கிய பை இந்தக் காலையில் கைவிட்டுவிடும்.

இந்த 18 கிலோ அவரைக் கீழே அமுக்குவதோடு நிற்பதில்லை, பின்னாலும் சாய்க்கப் பார்க்கிறது. இந்த இரண்டாவது விசையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் தோள் வலியில் பாதியும் களைப்பில் கணிசமான பங்கும் இதன் வேலை.

பையை இடுப்புப் பட்டையின் மேல் நிற்கும் நெம்புகோலாகப் பாருங்கள். அடியில் பட்டை, அதுதான் சுழல்மையம். பையின் ஒட்டுமொத்தப் பாரமும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் பாரமையம் முதுகுக்குப் பின்னால் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். பை பின்னால் கவிழாமல் பிடித்துக்கொள்பவை தோள் வார்கள். அவை பிடிக்கும் இடம் பட்டைக்கு 42 சென்டிமீட்டர் மேலே என்று வைப்போம். இந்தப் பெண்ணின் முதுகு நீளம் அது.

முதல் நாள் அவர் ஒழுங்காக அடுக்குகிறார். உணவு டப்பாவை முதுகோடு ஒட்டி நிமிர்த்தி வைக்கிறார். டப்பாவின் விட்டம் 22 என்பதால் அதன் மையம் முதுகுச் சட்டகத்திலிருந்து 11 சென்டிமீட்டரில் நிற்கும். இலகுவான உடைகள் வெளிப்புறம். மொத்தப் பாரமையம் 12 சென்டிமீட்டர் பின்னால். 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216. அதை 42-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல். ஆக, இரு தோள்களும் சேர்ந்து சுமார் 5 கிலோ அளவுக்குப் பையை முன்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் அவசரத்தில் ஸ்லீப்பிங் பேக்கை முதுகோடு திணித்துவிட்டு டப்பாவை வெளிப்பக்கம் வைக்கிறார். பொருள்கள் அதே, எடையும் கிட்டத்தட்ட அதே. பாரமையம் மட்டும் 20 சென்டிமீட்டருக்குப் போய்விட்டது. 18-ஐ 20-ஆல் பெருக்கி 42-ஆல் வகுத்தால் எட்டரை கிலோவுக்கு மேல். எட்டு சென்டிமீட்டர் இடமாற்றத்துக்குத் தோளில் மூன்றரை கிலோ தண்டம். இடுப்புப் பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இழுப்பை அது குறைக்காது.

இப்போது அதே அடுக்கோடு ஓர் அளவு சின்னப் பை. வார்கள் 42-க்குப் பதில் 36 சென்டிமீட்டர் உயரத்தில் இணைந்திருக்கின்றன. நெம்புகோலின் கை குட்டையாகிவிட்டது. 360-ஐ 36-ஆல் வகுத்தால் பத்து. முதல் நாளின் 5 கிலோ இழுப்பு இரண்டு மடங்காகிவிட்டது, பையில் ஒரு கைக்குட்டைகூடக் கூடாமலே.

உடம்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும். முன்னால் குனிந்து பாரத்தை இடுப்புக்கு நேர் மேலே கொண்டுவரப் பார்க்கும். தோளுக்கு இதம்தான். ஆனால் குனிந்த உடம்பை விழாமல் பிடிக்க இடுப்புக்கு மேலுள்ள முதுகுத் தசைகள் நாள் முழுதும் இறுகி நிற்க வேண்டும்; பாதையைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். வலி இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

கிரெக் லோவின் வழியில் வந்த பைகளில் சட்டகத்தின் உச்சியிலிருந்து தோள் வாரின் முன்பக்கத்துக்குச் சாய்வாக இறங்கும் இரண்டு சிறு நாடாக்கள் இருக்கும். லோட் லிஃப்டர் என்பார்கள். மேல்வார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இழுத்தால் பையின் தலை உடம்பை நோக்கி வரும். தோளின் உச்சியில் அமுங்கிய வார் சற்றே எழும்பி, பிடிப்பு தோளின் முன்பக்கத்துக்கு நகரும். சட்டகம் தோளைவிட உயரமாக இருந்தால்தான் இது நடக்கும். சட்டகம் தோள் மட்டத்தில் முடிந்துவிட்ட பையில் மேல்வார் வெறும் அலங்காரம்.

இனி கீழ்நோக்கிய பாரம். இடுப்புப் பட்டை 80 சதவீதத்தைத் தாங்கும் என்று விளம்பரங்களிலும் கடைகளிலும் சொல்வார்கள். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் கருவிகள் பொருத்திய சட்டகப் பையொன்றை வைத்து அளந்து 2004-இல் வெளியிட்ட முடிவு அடக்கமானது: செங்குத்துப் பாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கீழ்முதுகும் இடுப்பும் தாங்கின, மீதி மேல்முதுகிலும் தோளிலும்தான். பொருத்தமான பையும் இறுக்கமான பட்டையும் இதைவிட நன்றாகச் செய்யக்கூடும். ஆனாலும் 80 என்ற எண்ணை நம்பி 25 கிலோவை அடைக்கத் துணியாதீர்கள். 30 சதவீதமே என்றாலும் நம் கணக்கில் அது 5 கிலோவுக்கு மேல். எட்டு நாள் நடையில் 5 கிலோ தோளைவிட்டு இறங்குவது பெரிய காரியம்.

உங்கள் உயரம் அல்ல, உங்கள் முதுகு

கணக்கு சொல்லும் முதல் அளவு முதுகு நீளம். இதை உடல் உயரத்திலிருந்து ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம். பையின் அளவு சில சென்டிமீட்டர் பிசகினாலே நெம்புகோல் என்ன செய்யும் என்று பார்த்தோம்.

அளக்க இன்னொருவர் உதவி வேண்டும். தலையைக் குனியுங்கள், கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முண்டு துருத்தும். அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. பிறகு இரு கைகளையும் இடுப்பின் பக்கங்களில் வைத்து அமுக்கினால் எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். கால்சட்டையின் பெல்ட் உட்காரும் இடத்தை இடுப்பு என்று எண்ணிப் பலர் தவறுகிறார்கள். விளிம்பு பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டி, இரண்டும் முதுகெலும்பைச் சந்திக்கும் கோட்டைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து முண்டுவரை வளையும் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 38-க்கும் 55 சென்டிமீட்டருக்கும் இடையில் வரும்.

நல்ல பைகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று முதுகு நீளப்படி வருகின்றன. தோள் வாரை மேலும் கீழும் நகர்த்தும் வசதி உள்ளவையும் உண்டு. பை நீளமாகிவிட்டாலும் தொல்லைதான். வார் தோளைத் தழுவாமல் அந்தரத்தில் நிற்கும். பட்டை விளிம்பைவிட்டு நழுவித் தொடையை உரசும்.

இடுப்புப் பட்டைக்குத் தனி அளவு உண்டு என்பதைப் பலர் கடையில் கேட்பதே இல்லை. மெத்தையுள்ள பகுதி இரு பக்க விளிம்புகளையும் தாண்டி முன்னால் சற்று வர வேண்டும். பக்கிளை மாட்டி இறுக்கிய பிறகும் மெத்தையின் இரு முனைகளுக்கு நடுவே கை வைக்க இடம் மிஞ்ச வேண்டும். மாதக்கணக்கில் நடப்பவர்கள் உடம்பு இளைப்பார்கள். மெத்தை முனைகள் கடையிலேயே தொட்டுக்கொண்டால், ஒரு மாதத்துக்குப் பின் இறுக்க இடமிருக்காது. பட்டை வழுகும், பாரம் தோளுக்குத் திரும்பும். பெண்களின் இடுப்பெலும்பு அகன்று சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்வுக்கு வெட்டிய பட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன. உங்கள் இடுப்புக்கு எது உட்காருகிறதோ அதை எடுங்கள், பெயர்ச்சீட்டில் ஆண், பெண் என்று எது எழுதியிருந்தாலும்.

லிட்டர் என்னும் எண்

பையின் கொள்ளளவை எப்படி அளக்கிறார்கள்? அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வகுத்த முறைப்படி, பைக்குள் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொட்டி நிரப்பி, பிறகு அவற்றின் பருமனை அளப்பார்கள். எல்லாத் தயாரிப்பாளரும் இதையே பின்பற்றுவதில்லை. திறந்த வெளிப்பைகளைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். ஆக ஒருவரின் 65 இன்னொருவரின் 60 ஆகலாம்.

நம் உதாரணப் பெண்ணுக்கு டப்பா மட்டுமே 12 லிட்டர் பிடிக்கும். ஸ்லீப்பிங் பேக் பத்து, கூடாரம் ஏழெட்டு, உடை, அடுப்பு, தண்ணீர் என்று கூட்டினால் 50-ஐத் தாண்டும். 60 முதல் 65 லிட்டர் பை சரியாக வரும். குளிர்காலமோ பனிக்கருவிகளோ என்றால் 75, 80.

பெரிதாக வாங்கிவிட்டால் எதற்கும் உதவும் என்று நினைப்பது இயல்பு. நான் அதை ஆதரிக்க மாட்டேன். பாதி காலியான பெரிய பையில் பொருள்கள் அடியில் சரிந்து பின்பக்கம் துருத்தும், பாரமையம் விலகும். பக்க நாடாக்களை இறுக்கிப் பையைத் தட்டையாக்கினால் ஓரளவு சரியாகும். எனினும் காலி இடம் இருக்கிறதென்று கூடுதலாக ஒரு சட்டையை வைக்காதவர் அரிது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பொருள்களை வாங்கிக் குவியுங்கள், பிறகு எடை பாருங்கள், அதற்கேற்ற சட்டகத்தையும் முதுகுக்கேற்ற நீளத்தையும் தேடுங்கள், லிட்டரைக் கடைசியாகக் கேளுங்கள். மொத்த எடை பத்து கிலோவுக்குள் அடங்கிவிட்டால் இவ்வளவு பெரிய சட்டகமே தேவையில்லை.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெனியர் என்ற எண் 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 210 டெனியர் நைலான் பெரும்பாலான பாதைகளுக்குப் போதும்; பாறையில் உரசும் அடிப்பகுதிக்கு 420 இருந்தால் நல்லது.

பையால் முடியாதது

சட்டகம் வலியைக் குறைக்கும். உழைப்பைக் குறைக்குமா? ஒவ்வோர் அடியிலும் நம் உடம்பு சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. முதுகில் உள்ள 18 கிலோவும் கூடவே எழுந்து தாழ வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ரோம் குழுவினர் 2005-இல் இந்த அசைவிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பையைச் செய்து காட்டினார்கள். சட்டகத்திலிருந்து சுருள்வில்களில் தொங்கவிட்ட சுமை ஏறி இறங்கி 7 வாட்டுக்கு மேல் தந்தது. அந்த உழைப்பை யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே காலத்தில் நேபாளச் சுமை தூக்கிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்கள் தம் எடையில் சராசரியாக 93 சதவீதம் சுமந்து நாம்சே சந்தைக்கு ஏறுவதை அளந்தார்கள். கூடையில் சுமை, நெற்றியில் பட்டை, கையில் அவ்வப்போது கூடையை ஊன்றி நிற்க ஒரு கோல். அவர்கள் செலவிட்ட ஆற்றல் பைசுமந்த மேலைநாட்டவரைவிடக் குறைவு. கென்யப் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் சுமப்பதாக 1986-இல் வந்த ஆய்வு உலகைத் திகைக்கவைத்தது. தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் 2010-இல் செய்த சோதனையில் அப்படி எந்தச் சலுகையும் தென்படவில்லை. சிறு வயதிலிருந்து வந்த பழக்கமும் நடையும்தான் வேறுபாட்டுக்குக் காரணமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. கடையில் வாங்கும் எதுவும் அந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது.

கடையில் அரை மணி நேரம்

மணல் மூட்டைகளுக்குத் திரும்புவோம். உங்கள் கனமான காலையின் எடையைக் கடைக்காரரிடம் சொல்லி அவ்வளவையும் போடச் சொல்லுங்கள். மூட்டைகள் அடியில் குவியாமல், நடுவில் முதுகோடு ஒட்டியிருக்கட்டும். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். முதலில் இடுப்புப் பட்டையை விளிம்பின் மேல் ஏற்றி இறுக்குங்கள். அடுத்து தோள் வார். பை உடம்பைத் தழுவும் அளவுக்கு மட்டும். பிறகு மேல்வார், கடைசியில் மார்பு வார்.

இப்போது தோளின் உச்சியில், வாருக்கு அடியில் ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் தூண் வேலை செய்கிறது. பத்து நிமிடம் கடைக்குள் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். விரல் இப்போது சிக்கினால் ஒன்று பட்டை நழுவியிருக்கிறது, அல்லது சட்டகம் வளைந்துவிட்டது. பட்டையை ஏற்றிக் கட்டியும் சரியாகாவிட்டால் சட்டகம்தான் குற்றவாளி. அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில பைகளில் கம்பிகளை வெளியே உருவி உங்கள் முதுகின் வளைவுக்கு வளைத்துத் திரும்பச் செருகலாம். அது தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

படியிருந்தால் ஏறி இறங்குங்கள், இறங்குவதை அதிகமாக. ஜான் மியூர் பாதை விட்னி உச்சியில் முடிந்தாலும் நடை முடிவதில்லை. சாலை இருக்கும் விட்னி போர்ட்டலுக்கு இன்னும் 17 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஏறத்தாழ 1,870 மீட்டர் இறங்க வேண்டும். அதற்குள் உணவு தீர்ந்து பாரம் 12 கிலோ அளவுக்கு வந்திருக்கும். டப்பாவின் பருமன் மட்டும் குறையாது. உடைகளை டப்பாவுக்குள் அடைத்து, பக்க நாடாக்களை இறுக்கிப் பையைச் சுருக்க வேண்டும். கற்படிகளில் உடம்பு ஆடாமலிருக்கக் கனமான பொருள்களைச் சற்றே கீழே இறக்கி, மேல்வாரைக் கொஞ்சம் தளர்த்தி, இடுப்புப் பட்டையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.